மரகதம் சிஸ்டரின் தூக்கம்

அழுகிற குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதைவிட அடங்காத காளைக்கு மூக்கணாங்கயிறு குத்துவது சுலபம் என்பது டாக்டர் தமயந்தியின் கட்சி. மருதவல்லி ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்த அவளுக்குத் தலை நரைத்ததே அந்தக் குழந்தைகளால்தான் என்று சொல்லிக்கொள்வாள். அந்த நரையை மேலும் பரவவிடாமல் காத்தவள் ஒருத்தி இருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மரகதம்.

"இங்க பாரு சாமி, சித்தி மொதல்ல மோந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு வைக்க வேண்டிய மாஸ்க்கைத் தன் மூக்கில் வைத்து, கண்ணை மூடி, ஆழமாக ஓர் இழுப்பு இழுப்பாள் மரகதம். "அடேயப்பா! பலாச்சுளை வாசம்! உனக்கு வேண்டாமா? வேண்டாட்டிப் போ, அத்தனையும் நானே மோந்துக்கறேன்." குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டும். அப்புறம் கேட்பானேன், மாஸ்க் வைத்த மாத்திரத்தில் தலை சாய்ந்துவிடும்.

மாஸ்க்கில் வருவது ஊதா. சிலிண்டருக்கு அடித்த நிறத்தால் வந்த பெயர் அது. கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. ஊதா வந்த பிறகு பழைய மயக்க மருந்துகளைச் சீந்துவாரில்லை. வாந்தி கிடையாது, மூச்சுத் தடுமாறாது. மாஸ்க்கை எடுத்தால் நோயாளி பகல் தூக்கம் கலைந்தவர் மாதிரி விழித்துக் காபி கேட்பார். நாடியும் ரத்த அழுத்தமும் கடைசிவரை ஒரே சீராக ஓடும். இவ்வளவு நல்ல மருந்து இருக்க மற்றதெல்லாம் எதற்கென்று, அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நோயாளி நிஜமாகவே தூங்குகிறாரா என்று நெற்றியில் பட்டை ஒட்டி மூளையின் அலையைப் பார்க்கும் கருவி ஒன்று தியேட்டரில் இருந்தது. அதையும் வேண்டாத சாமானென்று எடுத்துப்போய் எங்கோ போட்டுவிட்டார்கள்.

நோயாளியின் மூக்குக்குள் போனது போக மிச்சம் எங்கே போகும்? அறையில்தான் சுற்றும். அதை உறிஞ்சி மொட்டை மாடிக்கு மேலே தள்ள ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய் திறந்திருந்தால் ஏசிக் குளிரும் கூடவே ஓடிப்போகிறது என்று டைரக்டர் டாக்டர் குழந்தைவேலு அதை அடைத்துவைக்கச் சொல்லியிருந்தார். தியேட்டர் ஆட்களுக்குத் தலைவலி வந்தால் ஒரு மாத்திரை, கிறுகிறுப்பு வந்தால் ஒரு டீ. பழைய காற்றுகளின் காலத்திலேயே தியேட்டர்ப் பெண்களுக்குக் கரு தங்காது என்று ஒரு பேச்சு உண்டு. மரகதத்துக்கு இரண்டு தடவை கலைந்தது. அதற்கப்புறம் தரிக்கவே இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சித்தியாகிப் போனாள்.

இந்த மோந்து காட்டும் வித்தையை ஆரம்பித்து வைத்தது தமயந்திதான். என்றோ ஒரு நாள், அலறிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் முன்னால், "சிஸ்டர், நீங்க ஒருக்கா வெச்சுக் காட்டுங்க, நம்பிரும்" என்றாள். அது நம்பியது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மரகதம் செய்தாள், ஆஸ்பத்திரி நல்ல பேர் வாங்கியது.

அந்த மரகதத்துக்குத்தான் பித்தப்பையில் கல் வந்தது. சொந்த ஆஸ்பத்திரி, சொந்தத் தியேட்டர். தலைமாட்டில் தமயந்தி, கத்தி பிடிக்க சர்ஜன் நந்தகோபால், மயக்க மெஷினைப் பார்த்துக்கொள்ள டெக்னீசியன் சென்னியப்பன். மாஸ்க் வைத்ததும் மரகதத்தின் உடம்பு துணி மாதிரி தளர்ந்தது. நந்தகோபால் தான் வாங்கப்போகும் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். நடுவில் மரகதத்தின் கண்ணோரம் நீர் வடிந்தது. மயக்கத்தில் கண் கசிவது சகஜம். தமயந்தி பஞ்சால் துடைத்துவிட்டு, இமை திறக்காமலிருக்கப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது மரகதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஒரே இரவில் வற்றிப்போயிருந்தது.

"ஏனுங்க மேடம், நந்தகோபால் சார் பேரூர்ப் பக்கம் எடம் வாங்கறாருங்களா?"

"அட, உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"அவரேதானுங்க. என்ற வயித்தைத் தொறந்து வெச்சுக்கிட்டுச் சொன்னாரு. கெழக்குப் பாத்த எடம், நடுவுல கெணறு ஒண்ணு இடிக்குதுன்னாரு. கெணத்தை மூடிப்போடுங்கன்னு நீங்க சொன்னீங்க."

தமயந்தி அப்படிச் சொன்னது உண்மை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வலி இருந்துச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"மொத வெட்டு விழுந்தப்ப கத்துனேனுங்க. என்ற காதுக்கே கேக்கல. வெரலை ஆட்டிப் பாத்தேன், ஆடல. சாமியக் கும்பிட்டேன். அப்புறம் சாமியையும் திட்டிப்போட்டேன்." மரகதம் குரலை உயர்த்தாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க கண்ணைத் தொடச்சுவுட்டீங்கல்ல, அப்ப எனக்கு உசுரு வந்துச்சுங்க. மேடத்துக்குத் தெரிஞ்சுபோச்சு, நிறுத்திப்போடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க பிளாஸ்திரி ஒட்டுனீங்க."

அன்று தமயந்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. எத்தனை கண்களைத் துடைத்திருப்பாள், எத்தனை இமைகளை ஒட்டியிருப்பாள்! வெளியிலிருந்து வந்த நோயாளிகள் யாரும் இப்படிச் சொன்னதில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்படியானால் மரகதத்துக்கு மட்டும் ஏன்? யோசித்தபோது பதில் மூக்கின் நுனியிலேயே இருந்தது: வருஷக்கணக்காக மோந்த ஊதா. அறைக் காற்றில் அதைத் தானும்தான் மோந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் காலியாக இருந்தது. தமயந்தி தானே ஆபரேஷன் பலகையில் ஏறிப் படுத்தாள். "கொஞ்ச நேரம் ஊதா கொடுங்க சென்னியப்பன். அப்புறம் இடுக்கியால் கையைக் கிள்ளுங்க. நல்லாக் கிள்ளோணும்" என்றாள். அவர் தயங்கினார். நரைத்த மீசைக்காரர், தமயந்தியோடு சேர்ந்து அந்த மெஷின் பக்கத்திலேயே வயதானவர். "வேண்டாமுங்க மேடம், விஷப் பரீட்சை" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, மாஸ்க்கை வைத்தார்.

பலாச்சுளை வாசம். கை, கால், நாக்கு, இமை எல்லாம் அவளை விட்டுப் போயின. போகாமல் இருந்தவள் அவள் மட்டும்தான். "மேடம்? தூங்கிட்டீங்களா மேடம்?" என்று சென்னியப்பன் கேட்பது கேட்டது. இல்லை, இல்லை என்று உள்ளுக்குள் அலறினாள். "தூங்கிட்டாங்க" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிள்ளினார். நல்லாத்தான் கிள்ளினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தமயந்திக்கு அன்றைக்குத் தெரிந்தது. விழித்ததும் ரத்தம் கட்டிய கையைக் காட்டி அவள் அழுதபோது, சென்னியப்பன் ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் பலகையில் ஏறிப் படுத்தார். அவருக்கும் அதே கதி.

திங்கட்கிழமை டைரக்டர் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உக்காருங்க. மரகதம் முழிச்சுட்டுத்தான் இருந்தாங்களா?" என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"எல்லா டைரக்டருக்கும் தெரியும். பல ஊர்ல நடந்தாச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "மூளைக்கு ரெண்டு கதவுன்னு வெச்சுக்குங்க. ஒண்ணு உடம்பை ஆட்டறது, இன்னொண்ணு உணர்றது. ஊதா ரெண்டையும் சாத்தும். ஆனா வருசக்கணக்கா துளித்துளியா மோந்தவங்களுக்கு, ரெண்டாவது கதவோட தாழ்ப்பாள் தேஞ்சு போயிருது. அப்புறம் அது சாத்தவே சாத்தாது."

"பழைய மருந்து ஏதாவது தேடிப் பிடிச்சா?"

"அதுவும் இதே தாழ்ப்பாளைத்தான் இழுக்குது. மரத்துப்போற ஊசியையும் ஒரு ஊர்ல ஒரு தியேட்டர் ஆளுக்குக் கால்ல போட்டுப் பாத்தாங்க. நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் புடிச்சாங்களாம்."

"அப்ப வெளிய சொல்லிரலாம் சார். அந்தக் குழாயைத் திறந்து விடுங்க."

"குழாயை இன்னிக்கே தொறந்துடறேன். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு ஆகட்டும். உங்களுக்குத் தேஞ்சது தேஞ்சதுதான். வெளிய சொன்னா என்ன ஆகும்? நாளைக்கு ஒருத்தரும் மாஸ்க்கை மூக்குக்கிட்ட விடமாட்டாங்க. வேற மருந்து உலகத்துலயே கெடையாது. குடல்வால் வெடிச்சுச் சாவாங்க, பிரசவத்துல சாவாங்க. அந்தப் பாவத்தை நீங்க சொமப்பீங்களா? அப்புறம் விசாரணைன்னு ஒண்ணு வந்தா, மாஸ்க்கை மோந்து காட்டச் சொல்லி எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. சொல்லிக் குடுத்தது யாரு?"

"நான் மாஸ்க்கை மோந்து காட்டினதே இல்லையே சார். எனக்கும்தான் ஊதா வேலை செய்யல. சென்னியப்பனுக்கும் செய்யல. அறைக் காத்துலயே ஆகியிருக்கு."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும்" என்றார் குழந்தைவேலு, பக்கத்து வீட்டுக்காரர் மழை வரும் என்று சொல்வதுபோல.

பிறகு மேஜை டிராயரைத் திறந்து சின்னச் சின்னக் குப்பிகள் அடங்கிய பெட்டி ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "மறதி ஊசி. இது வேற பூட்டு, எல்லாருக்கும் வேலை செய்யும். மாஸ்க்கை எடுக்கறதுக்கு முந்திப் போட்டுட்டா, மாஸ்க் வெச்சதுல இருந்து எல்லாம் அழிஞ்சுரும்."

"வலி?"

"ஞாபகத்துல இல்லாத வலி எங்க இருக்குது, சொல்லுங்க பாப்போம்?"

இந்தக் கேள்விக்குத் தத்துவம் படித்தவர்கள் ஆயுள் முழுக்கப் பதில் எழுதலாம். வெட்டுப்பட்டவளைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். அவளைத்தான் யாரும் கேட்கப் போவதில்லை.

தமயந்தி எழுந்தபோது அவர் மெல்லச் சொன்னார்: "மரகதத்தோட பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். புத்துநோய். ஈரலோட ஓரத்தையும் சேர்த்து எடுத்தாத்தான் பொழைப்பாங்க. நெம்பப் பெரிய ஆபரேஷன். தள்ளிப்போடக் கூடாது."

மரகதத்தின் வீடு ஒண்டிப்புதூர்ச் சந்தொன்றில் இருந்தது. அவள் புருஷன் டீ போட உள்ளே போனார். மரகதம் செய்தியைக் கேட்டுக்கொண்டாள். அழவில்லை.

"சாகறதுக்குப் பயமில்லீங்க மேடம். அந்தப் பலகைல இன்னொருக்கா படுக்கறதுக்குத்தான் பயம். வேண்டாமுங்க. இப்படியே போய்ச் சேந்துக்கறேன்."

"சிஸ்டர், சரி பண்ணிடலாம். ஈரலைக் கொஞ்சம் எடுத்தா அதுவே வளர்ந்துரும்."

"அதெல்லாம் எனக்கும் தெரியுமுங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தூங்க வெப்பீங்களா?"

சமையலறையில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. தமயந்தி, "புது ஊசி வந்திருக்கு சிஸ்டர். ஊதா பிடிக்காதவங்களுக்குன்னே வந்தது. நல்லாத் தூங்கிருவீங்க" என்றாள்.

மரகதம் தன் உள்ளங்கையை நீட்டினாள். "சத்தியம் பண்ணுங்க."

தமயந்தி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சொன்னால் இவள் செத்துப்போவாள் என்பதற்காகச் செய்தாளா, சொன்னால் ஆஸ்பத்திரி நாறும் என்பதற்காகவா, மோந்து காட்டச் சொன்ன தன் பெயர் வெளியே வரும் என்பதற்காகவா? எது முதல் காரணம் என்று பிற்பாடு தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். நல்ல காரணம்தான் முதலில் வந்தது என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

ஆபரேஷன் அன்று மரகதம் சந்தோஷமாகவே படுத்தாள். மாஸ்க் வைத்ததும், "அதே பலாச்சுளைதானுங்க" என்று சிரித்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, உடம்பு தளர்ந்தது. தூக்கம் வருமென்று அந்தப் பொம்பளை காத்திருந்த அந்தக் கணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. வரும், இதோ வரும் என்று காத்திருந்திருப்பாள். வந்தது நந்தகோபாலின் கத்திதான்.

தமயந்தி இந்தத் தடவை பிளாஸ்திரி ஒட்டவில்லை. நீர் வடிய வடியத் துடைத்தாள். துடைத்தால் போதவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மரகதத்தின் காதோரம் குனிந்தாள்.

"சிஸ்டர், நான் தமயந்தி. இங்கேதான் இருக்கேன். உங்களை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டேன். இன்னும் கொஞ்சம்தான்."

இன்னும் கொஞ்சம் இல்லை, இன்னும் வெகுநேரம் இருந்தது. பேசிக்கொண்டே இருந்தாள். மரகதம் தூங்க வைத்த குழந்தைகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினாள். அண்ணம் பிளந்த பாப்பா இப்போது பாட்டுப் போட்டியில் பாடுகிறாளாம் என்றாள். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எப்போது பூண்டு தட்டிப்போடுவது என்று கேட்டாள், தானே பதிலும் சொன்னாள். ஈரலை வெட்டத் தொடங்கியபோது சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல், "சிஸ்டர், சிஸ்டர், சிஸ்டர்" என்று பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், பேஷண்ட்டோட அப்படி என்ன ரகசியம்?" என்றார் நந்தகோபால். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியவைக்க வேண்டாம் என்பது டைரக்டர் உத்தரவு.

"தூங்கறவங்க காதுல நல்ல வார்த்தை சொன்னா சீக்கிரம் ஆறுமாம் சார்."

"எங்க படிச்சீங்க?"

"எங்கேயோ."

மெஷின் பக்கம் நின்ற சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய முதுகு மட்டும் குலுங்கியது.

தையல் போடும் கட்டத்தில் தமயந்தி இன்னும் குனிந்து, உதடு காதில் படச் சொன்னாள்: "பொய் சொல்லிட்டேன் சிஸ்டர். புது ஊசின்னு ஒண்ணும் கிடையாது. நீங்க பொழைக்கணும்னுதான். மன்னிச்சுருங்க. இப்ப ஒரு ஊசி போடுவேன், எல்லாம் மறந்துரும்." மன்னிப்புக் கேட்க இதைவிடச் சௌகரியமான ஆள் யாருக்கு வாய்க்கும்? எழுந்து கன்னத்தில் அறையமாட்டாள், நாளைக்கு நினைவும் வைத்திருக்கமாட்டாள்.

ஊசி போட்டாள். மாஸ்க்கை எடுத்தாள். மரகதம் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் குழறலாக. "இப்பத்தானுங்களே படுத்தேன். சொகமாத் தூங்கிப்போட்டேனுங்க." பல் கிட்டித்து நடுங்கியது. குளிர் என்று சொல்லிக் கம்பளி போர்த்தினார்கள்.

கட்டி முழுதாக வந்துவிட்டது, மரகதம் பிழைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூசித் தமயந்தி வார்டுப் பக்கம் போகவில்லை. பிழைத்ததோடு நிற்காமல், மேடத்தின் புது ஊசி மகிமையை வார்டு வார்டாகச் சொல்லி அனுப்பினாள். நாள்பட்ட மூலத்தையும் கர்ப்பப்பைக் கட்டியையும் பயத்தில் பொத்தி வைத்திருந்த தியேட்டர் ஆட்கள் எல்லோரும், "மேடமே கையால போட்டுவுடோணும்" என்று தமயந்தியைத் தேடி வந்தார்கள். ஒருவர் விடாமல் அவள் படுக்க வைத்தாள். ஒருவர் விடாமல் காதில் பேசினாள். எல்லோரும் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். வலிக்காமல் இருந்தது அந்த ஆஸ்பத்திரியில் டைரக்டருக்கு மட்டும்தான்.

உடம்பு தேறிய மரகதம் ஒரு நாள் முற்பகல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஒரு தூக்குப்போசி. அதில் தமயந்திக்காகவே சுட்ட கச்சாயப் பலகாரம். வழியெல்லாம் நின்று நின்று எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, தமயந்தியின் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்ட தமயந்திக்கு மனசு நிறைந்தது. "வாங்க சிஸ்டர்!" என்று கூப்பிட்டாள்.

தூக்குப்போசி கீழே விழுந்தது.

எட்டிப் பார்த்தபோது மரகதம் சுவரோரம் குந்தி, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள். உடம்பு காற்றில் மாட்டிய தகரம் மாதிரி அடித்துக்கொண்டது. சேலை நனைந்து, தரையில் ஈரம் பரவியது. கச்சாயங்கள் அந்த ஈரத்தில் உருண்டன.

"என்னமோ தெரியலீங்க" என்றாள், வெட்கமும் அழுகையுமாக. "மன்னிச்சுப்போடுங்க மேடம். எப்பவும் இப்படி ஆனதில்லீங்க."

"ஒண்ணுமில்ல சிஸ்டர், நான் இருக்கேன். நான் இங்கேதான் இருக்கேன்" என்று தமயந்தி குனிந்தாள்.

மரகதம் அலறினாள். அன்றைக்கு அவள் காதுக்கே கேட்காமல் போன அலறல், இப்போது அந்த மாடி முழுக்கக் கேட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "பேசாதீங்க! தெய்வமே, பேசாதீங்க! உங்க கொரலைக் கேட்டா வயித்துக்குள்ள கையை வுடுற மாதிரி இருக்குதுங்க. நீங்க என்ற உசுரைக் காப்பாத்துன சாமியில்லீங்களா? அப்புறம் ஏனுங்க எனக்கு இப்படி?"

தமயந்தி வாயைத் திறந்தாள். சொல்ல நினைத்த ஆறுதல் எல்லாம் அந்தக் குரலில்தான் வரும் என்பது புரிந்து, வாயை மூடிக்கொண்டாள். மரகதம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மன்னிச்சுப்போடுங்க, மன்னிச்சுப்போடுங்க என்று சொல்லிக்கொண்டே தடுமாறி ஓடினாள். அதற்குப் பிறகு அவள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

குழந்தைவேலு விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம்கூட அதிரவில்லை. அக்கறையோடு தலையாட்டினார்.

"ஞாபகம் ஒரு ரூம்பு, பயம் இன்னொரு ரூம்பு. ஊசி மொத ரூம்பைத்தான் கூட்டிப் பெருக்குது. பயத்துக்குப் புடிச்சுக்க ஒரு கைப்பிடி வேணுமுங்க மேடம். அறுக்கற நேரம் பூராம் நீங்க காதுல பேசியிருக்கீங்க. உங்க கொரலையே புடிச்சுக்கிச்சு. நீங்க பேசாம இருந்திருந்தா அவங்க இன்னிக்குக் கச்சாயத்தைக் குடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"நான் ஆறுதலுக்குத்தானே சார்..."

"ஆறுதல்தான் ஆபத்து. இனிமே நம்ம ஆளுங்க ஆபரேஷன்ல யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. பேச்சு, பாட்டு, ரேடியோ ஒண்ணும் வேண்டாம்." அவர் முகத்தில் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு முடித்த நிம்மதி தெரிந்தது.

தமயந்தியைக் கண்டால் காரணம் தெரியாமல் வியர்ப்பவர்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகத் தெரிய ஆரம்பித்தார்கள். லிஃப்டில் அவள் ஏறினால் இறங்கிக்கொண்டார்கள். அவள் 'குட் மார்னிங்' சொன்னால் கையிலிருந்த ட்ரே விழுந்தது. எல்லோரும் அவளை மெச்சினார்கள், யாரும் பக்கத்தில் வரவில்லை. வந்தவர் சென்னியப்பன் மட்டும்தான். அவள் டீ குடிப்பதும் இரண்டு வார்த்தை பேசுவதும் அவரோடு என்றாகிவிட்டது.

அந்தச் சென்னியப்பனுக்குக் குடலிறக்கம் இருந்தது. வேலை வேலையென்று கவனிக்காமல் விட்டதில், ஒரு நாள் சிலிண்டரைத் தூக்கும்போது குடல் மாட்டிக்கொண்டது. உடனே அறுத்தாக வேண்டும். பலகையில் படுத்தவர் தமயந்தியைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருக்கு எதையும் மறைக்க வழியில்லை, எல்லாம் தெரிந்தவர்.

"ஊசி போடுங்க மேடம், வேண்டாங்கல. பொறவு மறந்துபோட்டாச் சரி. ஆனா அறுக்கையில எனக்குத் தெரியுமுங்களே. அந்த நேரத்துல தனியா வுட்டுப்போடாதீங்க. மரகதம் சிஸ்டர் காதுல பேசுனீங்கல்ல, அந்த மாதிரி ஏதாச்சும் பேசிட்டிருங்க."

"பேசினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும் சென்னியப்பன். அப்புறம் என் குரலைக் கேட்டாலே நடுங்குவீங்க."

"நடுங்கிட்டுப் போறேனுங்க. பின்னால நடுங்கறது பின்னால. உள்ள கெடக்கையில யாராச்சும் ஒருத்தர் வேணுமுங்க. யாருமே இல்லீன்னா அது நரகமுங்க மேடம். கிள்ளிப் பாத்ததுக்கே தெரிஞ்சுபோச்சு." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பேசறேன்னு சொல்லுங்க."

"பேசறேன்" என்றாள்.

"டைரக்டர் உத்தரவு போட்டிருக்காருங்களே?"

"அவர் கிடக்கறார். நான் பேசறேன்."

அவர் கையை விட்டார். மாஸ்க்கைத் தானே சரியாகப் பொருத்திக்கொண்டு மூச்சை இழுத்தார். உடம்பு தளர்ந்தது. நந்தகோபால் கத்தியை எடுத்தார்.

கண்ணோரம் முதல் நீர் வந்ததும் தமயந்தி அவர் காதருகே குனிந்தாள். வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது. அப்போது அந்த ஈரத் தரையும் காதைப் பொத்திக்கொண்ட கைகளும் கண்முன் வந்தன. நாளைக்கு இவரும் அப்படி ஓடினால்? லிஃப்டிலிருந்து இறங்கிக்கொண்டால்? டீக்கு யார் இருப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேல், என்றைக்காவது அவளே இந்தப் பலகையில் படுக்க நேர்ந்தால், தலைமாட்டில் நிற்க உலகத்தில் இவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? இவர் நன்மைக்குத்தான், இவர் பின்னால் நடுங்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆபரேஷன் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் மூச்சு விடுவதைக்கூட அடக்கிக்கொண்டாள். சென்னியப்பனின் கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வந்தது. பேசுவாள், இதோ பேசுவாள் என்று அவர் உள்ளே காத்துக்கொண்டிருந்திருப்பார். கடைசியில் ஊசி போட்டாள்.

மறுநாள் வார்டில் அவர் தெளிவாக இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க மேடம். படுத்தது ஞாபகமிருக்குது, நீங்க பேசறேன்னது ஞாபகமிருக்குது. அப்புறம் ஒண்ணுமில்லீங்க. பேசுனீங்களா மேடம்?"

"பேசிட்டேதான் இருந்தேன்" என்றாள் தமயந்தி. "கடைசி வரைக்கும்."

"சாமி, நீங்க நல்லா இருக்கோணும்" என்று சென்னியப்பன் கும்பிடுவதற்காகக் கைகளைப் போர்வைக்கு வெளியே எடுத்தார். எடுத்தவர் கும்பிடவில்லை. கைகளை முகத்துக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் கைகளைப் பார்த்தார்.

"நடுங்கவே இல்லீங்களே, மேடம்" என்றார்.